இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் வழித் தத்தெடுப்பு

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் வழித் தத்தெடுப்பு என்பது, பெற்றோரிடம் தொடர்ந்து வளர இயலாத குழந்தைகளுக்கு உள்ளாட்சி மன்றம் நிரந்தரமான வேறொரு குடும்பத்தைத் தேடித்தந்து, நீதிமன்ற ஆணையின் மூலம் அவ்வுறவைச் சட்டப்படி உறுதி செய்யும் முறையாகும். குழந்தைகள் நலத்திற்குப் பொறுப்பான 150-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் இங்கிலாந்தில் உள்ளன. இலண்டன் பரோக்கள், பெருநகர மன்றங்கள், கவுண்டி மன்றங்கள் முதலியன இவற்றுள் அடங்கும். தத்தெடுப்புச் சேவையை வழங்குவது இம்மன்றங்களின் சட்டக் கடமையாகும்.

குழந்தை இல்லாத தம்பதியருக்குக் குழந்தை தேடித்தரும் ஏற்பாடாகவே தத்தெடுப்பைப் பலரும் எண்ணுவர். இம்முறையின் அடிப்படை அதற்கு நேர்மாறானது. இங்கு குழந்தைக்கே பெற்றோர் தேடப்படுகின்றனர். தத்தெடுக்கப்படும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் ஆதரவற்றோர் அல்லர். அவர்களின் தாய் தந்தையர் பெரும்பாலும் உயிருடன் உள்ளனர். அவர்களுள் பலர் தத்தெடுப்பை நீதிமன்றத்தில் எதிர்த்தவர்கள். பெற்றோரின் இசைவின்றியே ஓர் அரசமைப்பு குழந்தையின் சட்ட உறவை முற்றாக மாற்ற இயலும் என்பதால், இச்சேவை பிரித்தானியாவில் நெடுங்காலமாக விவாதத்திற்கு உள்ளாகி வருகிறது.

இக்கட்டுரை இங்கிலாந்தை மட்டும் கருத்திற் கொள்கிறது. இசுக்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. வேல்சில் அதே சட்டமே நடைமுறையில் இருப்பினும் சேவை தனியாக நடத்தப்படுகிறது.

வரலாறு

இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் தத்தெடுப்பு என்ற கருத்தே இருக்கவில்லை. மகனில்லாதவர் நீர்க்கடன் செலுத்தவும் சொத்தைப் பேணவும் மகனைத் தத்தெடுக்கும் வழக்கம் இந்து மரபில் தொன்மையானது. ஆங்கிலேயச் சட்டமோ குருதி வழி உறவை மட்டுமே ஏற்றது. பிறர் குழந்தையை வளர்த்தவருக்கு அக்குழந்தையின் மேல் எவ்வித உரிமையும் இல்லை. குழந்தை சம்பாதிக்கும் வயதை அடைந்ததும் பெற்றோர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டிய நிலையே இருந்தது. 1926 ஆம் ஆண்டின் குழந்தைகள் தத்தெடுப்புச் சட்டம் இதனை மாற்றியது. இச்சட்டம் 1927 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்தில் திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களுமே இப்பணியைச் செய்தன. தத்துக் கொடுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மணமாகாத தாய்மாருக்குப் பிறந்த பச்சிளம் குழந்தைகள். 1968 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 24,831 தத்தெடுப்பு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. இதுவே இன்றுவரை உச்ச எண்ணிக்கையாகும். (மனைவியின் முந்தைய உறவில் பிறந்த குழந்தையைக் கணவர் தத்தெடுத்தவையும் இதில் அடங்கும்.) கருத்தடை மாத்திரையின் பரவல், 1967 ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், தனித்து வாழும் தாய்மாருக்குக் கிடைத்த அரசு உதவி, மாறிய சமூகப் பார்வை ஆகியவற்றால் அதன்பின் எண்ணிக்கை விரைவாகக் குறைந்தது.

அக்காலத் தாய்மாரின் 'இசைவு' எவ்வாறு பெறப்பட்டது என்பது பின்னர் பெரும் கேள்வியாயிற்று. 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமாகாத தாய்மாரிடமிருந்து ஏறத்தாழ 1,85,000 குழந்தைகள் தத்தெடுப்புக்காகப் பிரிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. இதனை ஆராய்ந்த நாடாளுமன்ற மனித உரிமைகள் கூட்டுக்குழு, அரசு மன்னிப்புக் கோர வேண்டுமென 2022 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

1975 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இரு முக்கிய மாற்றங்களுக்கு வழிவகுத்தது. தத்தெடுப்புச் சேவை வழங்குவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது ஒன்று. 18 வயது நிரம்பிய தத்துப்பிள்ளை தன் மூலப் பிறப்புச் சான்றிதழைக் காணும் உரிமை மற்றொன்று. இன்று நடைமுறையிலுள்ள தத்தெடுப்பு மற்றும் குழந்தைகள் சட்டம் 2002 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2005 திசம்பர் 30 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தத்தெடுப்பு பற்றிய முடிவுகளில் குழந்தையின் அன்றைய நலனை மட்டுமன்றி அதன் வாழ்நாள் முழுவதற்குமான நலனையும் கருத வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை விதி.

குழந்தை தத்தெடுப்புக்கு உரியதாகும் விதம்

ஒரு குழந்தைக்குக் கடுமையான தீங்கு நேர்கிறது அல்லது நேரக்கூடும் என்று உள்ளாட்சி மன்றம் கருதினால், 1989 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 31 ஆம் பிரிவின் கீழ் குடும்ப நீதிமன்றத்தை அணுகும். புறக்கணிப்பு, உடல் அல்லது மன வதை, பெற்றோரின் போதைப் பழக்கம், வீட்டு வன்முறை முதலியன பெரும்பாலான வழக்குகளின் பின்னணியாக உள்ளன. வறுமை மட்டுமே காரணமாக இருத்தல் கூடாது. எனினும் வறுமையும் புறக்கணிப்பும் எங்கே பிரிகின்றன என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று.

இவ்வழக்கு பொதுவாக 26 வாரங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என 2014 ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் வரையறுத்தது. வழக்கு நடக்கும் காலத்தில் குழந்தை பெரும்பாலும் வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் தங்கவைக்கப்படும். வளர்ப்புக் குடும்பம் என்பது மன்றத்திடம் உதவித்தொகை பெற்றுத் தற்காலிகமாகக் குழந்தையைப் பராமரிக்கும் குடும்பமாகும். தத்துக் குடும்பத்துடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. பெற்றோருக்கு, அவர்களது வருமானம் எதுவாயினும், அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு. குழந்தைக்காகப் பேச நீதிமன்றம் தனியாக ஒரு காப்பாளரை அமர்த்தும்.

முதலில் பெற்றோரே குழந்தையைத் திரும்பப் பெற இயலுமா என்பது ஆராயப்படும். அடுத்து பாட்டி, அத்தை, மாமா போன்ற உறவினர் கருதப்படுவர். உறவினர் ஒருவர் முன்வந்தால் 'சிறப்புக் காப்பாளர் ஆணை' என்ற ஏற்பாட்டின் மூலம் குழந்தையை 18 வயது வரை வளர்க்கலாம். இதில் பெற்றோருடனான சட்ட உறவு அறுபடுவதில்லை. இவ்வழிகள் எவையும் பொருந்தாதபோது மட்டுமே மன்றம் தத்தெடுப்பைத் தன் திட்டமாக முன்வைத்து 'ஒப்படைப்பு ஆணை' கோரும். பெற்றோர் இசையாவிடினும், குழந்தையின் நலன் கட்டாயமாகக் கோருகிறது என நீதிபதி கண்டால் அவ்விசைவைத் தவிர்க்கலாம். குழந்தை பிறந்து ஆறு வாரங்கள் நிறையும் முன் தாய் அளிக்கும் இசைவு செல்லாது.

2013 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், பெற்றோர் எதிர்க்கும் தத்தெடுப்பு மிகக் கடுமையான நடவடிக்கை என்றும், வேறெந்த வழியும் போதாத நிலையில் மட்டுமே அதனைக் கையாள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லா மாற்று வழிகளையும் ஒப்பிட்டுக் காரணங்களுடன் எழுதாத அறிக்கைகளை ஏற்க இயலாது என உள்ளாட்சிகளைக் கண்டித்தது.

தத்தெடுக்க விரும்புவோரின் தகுதி

21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். மேல் வயது வரம்பு ஏதுமில்லை. பிரித்தானியத் தீவுகளை நிரந்தர வாழிடமாகக் கொண்டிருத்தல் அல்லது அங்கு குறைந்தது ஓராண்டு வழக்கமாக வாழ்ந்திருத்தல் வேண்டும். பிரித்தானியக் குடியுரிமை கட்டாயமில்லை. மணமானோர், மணமாகாமல் சேர்ந்து வாழ்வோர், ஒரு பாலினத் தம்பதியர், தனியர் ஆகிய யாவரும் விண்ணப்பிக்கலாம். சொந்த வீடு தேவையில்லை. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர் தத்தெடுக்க இயலாது. பிற பழைய குற்றங்கள் தனித்தனியே எடைபோடப்படும். மகப்பேற்று மருத்துவம் மேற்கொண்டிருப்போர் அதனை முடித்துச் சில மாதங்கள் கழித்தே வரும்படி பல முகமைகள் கேட்டுக்கொள்கின்றன. மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. இறுதியில் நீதிமன்ற விண்ணப்பத்திற்கு மட்டும் ஒரு தொகை செலுத்த வேண்டும்.

2016 ஆம் ஆண்டின் கல்வி மற்றும் தத்தெடுப்புச் சட்டத்திற்குப் பின், உள்ளாட்சிகள் பல ஒன்றுசேர்ந்து வட்டாரத் தத்தெடுப்பு முகமைகளை அமைத்துள்ளன. ஆகவே விண்ணப்பதாரர் இன்று பெரும்பாலும் தம் மன்றம் உறுப்பாகவுள்ள வட்டார முகமையையே அணுக வேண்டியிருக்கும். தொண்டு முகமைகளும் உள்ளன. எந்த முகமையில் ஒப்புதல் பெற்றாலும் நாட்டின் எப்பகுதிக் குழந்தையையும் தத்தெடுக்கலாம்.

மதிப்பீடு

2013 முதல் மதிப்பீடு இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்திற்கு இரண்டு மாதங்களும் இரண்டாம் கட்டத்திற்கு நான்கு மாதங்களும் இலக்காக வைக்கப்பட்டுள்ளன. முதற்கட்டத்தில் காவல்துறைப் பதிவு, மருத்துவ அறிக்கை, பரிந்துரைப்போரின் கடிதங்கள் ஆகியன சரிபார்க்கப்படும்; பயிற்சி வகுப்புகளும் தொடங்கும்.

இரண்டாம் கட்டமே கடினமானது. சமூகப் பணியாளர் ஒருவர் பலமுறை வீட்டிற்கு வந்து நீண்ட உரையாடல்களை நடத்துவார். விண்ணப்பதாரரின் குழந்தைப் பருவம், அவர் அடி வாங்கி வளர்ந்தாரா, பெற்றோருடன் உறவு எப்படி, முந்தைய காதல் அல்லது மணமுறிவு, இறந்த கருவைப் பற்றிய துயரம், பணக் கையாளுகை என எதுவும் விடுபடுவதில்லை. அந்நியர் ஒருவரிடம் இவற்றைப் பேசுவது பலருக்கு, குறிப்பாக வீட்டு விடயங்களை வெளியே சொல்லாத பண்பாட்டில் வளர்ந்தோருக்கு, மிகுந்த சங்கடத்தைத் தரும். குறையற்ற வாழ்க்கை எதிர்பார்க்கப்படுவதில்லை. துயரத்தை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே கவனிக்கப்படுகிறது. ஏனெனில் வரவிருக்கும் குழந்தையும் இழப்புடனேயே வரும்.

பணியாளரின் அறிக்கை தத்தெடுப்புக் குழுவின் முன் வைக்கப்படும். சமூகப் பணியாளர்கள், மருத்துவ ஆலோசகர் ஆகியோருடன், தாமே தத்தெடுத்தவர்களும் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்களும் இக்குழுக்களில் இடம்பெறுவதுண்டு. குழு பரிந்துரை மட்டுமே செய்யும். முடிவெடுப்பவர் முகமையின் மூத்த அலுவலர். மறுக்கப்படும் நிலையில் விண்ணப்பதாரர் தற்சார்பான மறு ஆய்வு அமைப்பை அணுகலாம்.

குழந்தையுடன் இணைத்தல்

இந்தியாவில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் கீழ்ப் பதிவு செய்தோர் மூப்பு வரிசைப்படி காத்திருக்கின்றனர். இங்கிலாந்தில் அத்தகைய வரிசை இல்லை. நேற்று ஒப்புதல் பெற்றவர் ஒரு குழந்தைக்கு மிகப் பொருந்தினால், ஈராண்டு காத்திருந்தவரை முந்தலாம். குழந்தையின் சமூகப் பணியாளரே குடும்பத்தைத் தெரிவு செய்பவர். குழந்தையின் வரலாறு, உடல்நலம், பெற்றோரின் மனநோய் அல்லது போதைப் பழக்கம், கருவிலிருந்தபோது தாய் மது அருந்தினாரா என்பன அடங்கிய அறிக்கை தத்துப் பெற்றோருக்குத் தரப்படும். குழந்தைகளின் விவரங்கள் ஒப்புதல் பெற்றோர் மட்டுமே காணக்கூடிய இணையத்தளங்களிலும் இடப்படுகின்றன. சில வேளைகளில் விளையாட்டு நாள்கள் நடத்தப்பட்டு, குழந்தைகளும் தத்தெடுக்க விரும்புவோரும் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர்.

தத்தெடுக்கப்படும் குழந்தைகளின் சராசரி வயது மூன்றுக்குச் சற்று மேல். பச்சிளம் குழந்தைகள் அரிதாகவே கிடைக்கின்றனர். ஐந்து வயதைக் கடந்தோர், உடன்பிறந்தோருடன் சேர்த்தே தத்தெடுக்கப்பட வேண்டியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மை இனத்தோர் ஆகியோர் நீண்ட காலம் காத்திருக்கின்றனர். குடும்பம் கிடைக்காத நிலையில் உடன்பிறந்தோரைப் பிரிப்பதா அல்லது சேர்த்தே வளர்ப்பு இல்லத்தில் விடுவதா என்ற முடிவு, இத்துறையின் மிகக் கொடிய முடிவுகளுள் ஒன்றாகும்.

காத்திருப்பைக் குறைக்க 'தத்தெடுப்புக்கான வளர்ப்பு' என்ற முறை உள்ளது. இதில் தத்தெடுக்க ஒப்புதல் பெற்றவர், வழக்கு முடியும் முன்பே வளர்ப்புப் பெற்றோராகக் குழந்தையை ஏற்கிறார். நீதிமன்றம் தத்தெடுப்புக்கு இணங்கினால் குழந்தை அங்கேயே தொடரும். பெற்றோரிடமோ உறவினரிடமோ அனுப்ப முடிவு செய்தால் குழந்தையைத் திருப்பித் தர வேண்டும். வீடு மாறும் இடரைக் குழந்தையிடமிருந்து பெரியவர் தம் தோளில் ஏற்றுக்கொள்வதே இம்முறையின் சாரம்.

ஒப்படைப்பும் நீதிமன்ற ஆணையும்

பொருத்தம் உறுதியானபின் அறிமுகக் காலம் தொடங்கும். இது ஒன்றிரண்டு வாரங்களோ அதற்கு மேலோ நீடிக்கும். அதற்கு முன்பே புதிய பெற்றோரின் படங்கள் கொண்ட சிறு நூலும், அவர்கள் குரல் பதிந்த பொம்மையும் குழந்தைக்குக் கொடுக்கப்படுவதுண்டு. முதல் நாள் ஒரு மணிநேரம் வளர்ப்பு இல்லத்தில் விளையாட்டு, பின்னர் உணவூட்டல், குளிப்பாட்டல், உறங்கவைத்தல் எனப் படிப்படியாகப் பொறுப்பு கைமாறும். குழந்தையின் போர்வையைத் துவைக்காமல் அனுப்பும்படி வளர்ப்புத் தாயிடம் கூறுவர். பழகிய மணம் புதிய வீட்டில் குழந்தைக்குத் துணையாகும் என்பதே காரணம். தத்தெடுப்பவர் பணியாளராயின் 52 வாரங்கள் வரை விடுப்பும், அதில் 39 வாரங்களுக்குச் சட்டப்படியான ஊதியமும் பெற உரிமையுண்டு.

குழந்தை குறைந்தது 10 வாரங்கள் உடன் வாழ்ந்தபின்னரே தத்தெடுப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை சமூகப் பணியாளர் தொடர்ந்து வந்து பார்ப்பார். பெற்ற தாய் தந்தையருக்கும் அறிவிப்புச் செல்லும். தம் சூழ்நிலை மாறியிருப்பதைக் காட்டினால் எதிர்க்க அனுமதி கோரலாம். அது அரிதாகவே வெற்றி பெறுகிறது. ஆணை பிறப்பிக்கப்படும் நாளில் தத்துப் பெற்றோர் வழக்கமாக நீதிமன்றத்திற்குச் செல்வதில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு கொண்டாட்ட அமர்வு நடைபெறும். அன்று குழந்தை நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

ஆணையின்பின் குழந்தை எல்லா வகையிலும் தத்துப் பெற்றோருக்குப் பிறந்ததாகவே கருதப்படும், வாரிசுரிமையும் உண்டு. (பிரபுப் பட்டங்கள் மட்டும் தத்துப்பிள்ளைக்குச் செல்வதில்லை.) இவ்வாணையை மீளப்பெறுதல் ஏறத்தாழ இயலாது. நோர்ஃபோக் கவுண்டியில் ஒரு தம்பதியரின் மூன்று குழந்தைகள், ஒருவருக்கு ஏற்பட்ட எலும்பு முறிவுகள் வதையால் விளைந்தவை என்ற முடிவின்பேரில் தத்துக் கொடுக்கப்பட்டனர். முறிவுகளுக்கு உயிர்ச்சத்து சி குறைபாடு காரணமாக இருக்கலாம் என்ற மருத்துவச் சான்று பின்னர் வெளிவந்தது. ஆயினும் குழந்தைகள் புதிய குடும்பங்களில் வேரூன்றிவிட்டதால் ஆணைகளை நீக்க இயலாது என 2009 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

பெற்ற குடும்பத்துடன் தொடர்பு

முற்காலத்தில் தத்தெடுப்பு மறைக்கப்பட்டது. இன்று குழந்தைக்குச் சிறு வயதிலிருந்தே உண்மை கூறப்பட வேண்டும் என்பது நடைமுறை. இதற்கென 'வாழ்க்கைக் கதை நூல்' ஒன்றைச் சமூகப் பணியாளர் தயாரிப்பார். பிறந்த மருத்துவமனை, பெற்றோரின் படங்கள், பிரிவிற்கான காரணம் ஆகியன குழந்தைக்குப் புரியும் சொற்களில் அதில் இருக்கும். பெற்றோருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை முகமை வழியாகக் கடிதம் அனுப்புவது பரவலான ஏற்பாடு. அவற்றில் முகவரி இருக்காது. பல தாய்மாருக்கு எழுத மனம் துணிவதில்லை. காலப்போக்கில் கடிதங்கள் நின்றுவிடுகின்றன. சமூக வலைத்தளங்களின் வருகைக்குப் பின் பதின்ம வயதினர் தாமே பெற்றோரைத் தேடிக் கண்டுபிடிக்கின்றனர். பாதுகாப்பான சூழலில் நேரடிச் சந்திப்புகளை மேலும் கருத வேண்டுமென நீதித்துறை சார்ந்த பணிக்குழு ஒன்று 2024 நவம்பரில் பரிந்துரைத்தது.

இன, மொழிப் பின்னணி

குழந்தையின் சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைத் தத்தெடுப்பு முகமை கருத வேண்டும் என்ற விதி 2002 ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்தது. பொருத்தமான இனக் குடும்பத்திற்காகக் கறுப்பினக் குழந்தைகள் நெடுநாள் காத்திருக்கின்றனர் என்ற காரணத்தால் 2014 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைப் பொறுத்தவரை அவ்விதி நீக்கப்பட்டது. ஆனால் நடைமுறை உடனே மாறிவிடவில்லை. இந்திய வழித்தோன்றல்களான சீக்கியத் தம்பதியர் வின்சர், மெய்டன்ஹெட் மன்றத்தை அணுகியபோது, வெள்ளையினக் குழந்தைகளே இருப்பதால் விண்ணப்பிக்க வேண்டாம் எனத் தடுக்கப்பட்டனர். இருவரும் பிரித்தானியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இது இனப் பாகுபாடு என 2019 திசம்பரில் ஆக்சுஃபோர்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 1,20,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. அதற்குள் அவர்கள் அமெரிக்காவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்திருந்தனர்.

பிந்தைய ஆதரவும் விமர்சனங்களும்

தொடக்க ஆண்டுகளின் பாதிப்பு அன்பான வீட்டிற்கு வந்தவுடன் மறைந்துவிடுவதில்லை. உணவைப் பதுக்குதல், உறக்கமின்மை, வன்சினம், பள்ளியில் ஒன்ற இயலாமை முதலியன பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். பிரிசுடல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, தத்தெடுப்பு ஆணைக்குப் பிந்தைய 12 ஆண்டுகளில் முறிந்த குடும்பங்கள் 3.2 விழுக்காடே. முறிவுகள் பெரும்பாலும் பதின்ம வயதில் நிகழ்ந்தன. முறியாத குடும்பங்களிலும் கணிசமானவை கடும் நெருக்கடியில் இருந்ததை அவ்வாய்வு காட்டியது. உளச் சிகிச்சைக்காக 2015 ஆம் ஆண்டில் அரசு ஒரு நிதியத்தை நிறுவியது. குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு என்றிருந்த சிகிச்சை வரம்பு 2025 ஏப்பிரலில் 3,000 ஆகக் குறைக்கப்பட்டபோது தத்துப் பெற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு தத்தெடுப்பை உயர்த்த இலக்குகள் விதித்தது. இலக்கை எட்டவே குழந்தைகள் பிரிக்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது. 2015 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இங்கிலாந்தில் பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்பட்டோர் 5,000-க்கும் அதிகம். 2013 ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின் ஒப்படைப்பு ஆணைகள் சரிந்து, 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் தத்தெடுக்கப்பட்டோர் எண்ணிக்கை 3,000 அளவிற்கு இறங்கியது. அதே நாளில் உள்ளாட்சிகளின் பராமரிப்பில் 83,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். இவர்களுள் தத்தெடுப்புத் திட்டத்தில் உள்ளோர் சிறு பகுதியினரே. ஏனையோர் வளர்ப்புக் குடும்பங்களிலும் காப்பகங்களிலும் உறவினரிடமும் வளர்கின்றனர்.